திருவிழாவுக்கு வரும் ஆறு

மதுரைக்காரர்களுக்கு வைகை, வெளிநாட்டுச் சித்தப்பா மாதிரி. திருவிழாவுக்கு வந்து தலைகாட்டிவிட்டுப் போய்விடும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்க வேண்டுமே என்று சில நாள் முன்பே அணையைத் திறந்துவிடுவார்கள். வழியில் வறண்ட படுகை குடித்தது போக மிச்சம்தான் சாமிக்கு.

சொந்த வரத்து போதாமல் 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீரைக் கைமாற்று வாங்கித்தான் இந்தக் குடும்பம் ஓடுகிறது. கடன் வாங்கியவன் கணக்காகச் செலவழிக்க வேண்டாமா? நாமோ நீரைப் பிடித்துவைக்கும் மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சீமைக்கருவேலத்துக்கும் சாக்கடைக்கும் கொடுத்துவிட்டோம். கண்மாய்கள்? நகரப் பேருந்தின் பெயர்ப்பலகையில் பத்திரமாக இருக்கின்றன: குளம், ஏந்தல், நேரி.

2017 ஏப்ரலில் ஞானம் பிறந்தது. அணைத் தண்ணீர் ஆவியாகிறது என்று தெர்மாகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி, அமைச்சர் முன்னிலையில் மிதக்கவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் காற்று அத்தனையையும் கரைக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. ஊரே சிரித்தது, நானும்தான். ஆனால் ஆவியாகிற தண்ணீருக்காவது ஒரு அட்டை கிடைத்தது. மணலோடு போன தண்ணீருக்கு அதுவும் இல்லை.

வைகையின் நீளம் 258 கிலோமீட்டர் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அதில் தண்ணீர் ஓடுவது எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வி இன்னும் எந்தத் தேர்விலும் வரவில்லை.