வெள்ளிக்கிழமை விவசாயி

திருகோணமலையில் உவர்மலை, பாலையூற்று, லிங்கநகர், உப்புவெளி என்று எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு ஒருவராவது இவர் இருப்பார். வீட்டைக் கண்டுபிடிக்க இலக்கம் தேவையில்லை. மதிலோரம் கிண்ணியாத் தயிர்ச் சட்டிகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஆணியால் போட்ட ஓட்டை. விறாந்தையில் மீன் ஏற்றி வந்த ரெஜிபோம் பெட்டிகள் நாலைந்து. கேற்றுக்கு மேலே மீன்பிடி வலைத் துண்டு. இவை எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஒரு மணம் வந்து வரவேற்கும். அந்த மணத்துக்குப் பிறகு வருவோம்.

வயது ஐம்பதுக்கு மேலே, எழுபதுக்குக் கீழே. கச்சேரியிலோ துறைமுகத்திலோ வேலை, அல்லது அங்கிருந்து ஓய்வு. தோட்டம் செய்கிறேன் என்று இவர் ஒருநாளும் சொல்லமாட்டார். தோட்டம் எல்லாரும் செய்வது. இவர் "முறை" செய்கிறவர்.

"அண்ணை, கத்தரி எப்பிடி?"

"கத்தரியை விடும் தம்பி. நான் இப்ப வேற முறைக்கு மாறிட்டன்."

மனிதர் முன்பும் இருந்தார். ஆனால் இந்த வகை பிறந்தது 2021க்கும் 2022க்கும் இடையில். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. ஒரே இரவில் முழு நாடும் சேதனப் பசளைக்கு மாறவேண்டும் என்பது திட்டம். அந்த ஆண்டே சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றிக்கொண்டு 'ஹிப்போ ஸ்பிரிட்' என்றொரு கப்பல் புறப்பட்டது. மாதிரியில் தீங்கான பற்றீரியா இருக்கிறது என்று சொல்லி அதை உள்ளே விடவில்லை. கப்பல் வாரக்கணக்காகக் கடலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியது. இறக்காத பசளைக்கு நாடு 60 இலட்சம் டொலருக்கு மேல் கட்டியது. நவம்பரில் தடையும் போய்விட்டது. கப்பல் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரரான நம்மவருக்கு இது ஆறவில்லை. "எங்கட மீன் சந்தையில கிடக்கிற தலையும் குடலும் போதுமே, சீனாவுக்கு ஏன் போவான்?" என்று கேட்டார். கேள்வியில் பிழை இல்லை. அதற்கு அவரே பதிலாக மாறியதுதான் அயலவரின் கஷ்டகாலம்.

பிறகு 2022 வந்தது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, டொலர் இல்லை. ஜூன் மாதத்தில் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது: அரச ஊழியருக்கு 3 மாதத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. வீட்டில் நின்று பயிர் செய்யட்டும். அலுவலகம் வந்துபோகும் எரிபொருளும் மிச்சம்.

கொழும்பிலிருந்து பார்த்தால் நல்ல யோசனைதான். ஜூனில் அந்தப் பக்கம் தென்மேல் பருவமழை. திருகோணமலையில் ஜூன் என்றால் கச்சான் காற்று. மலைநாட்டில் மழை முழுவதையும் கொட்டிவிட்டு, வெறும் சூட்டை மட்டும் சுமந்துகொண்டு இறங்கி வருகிற காற்று அது. இங்கே மழை தொடங்குவது ஒக்டோபரில். ஊற்றுவது நவம்பர், டிசம்பரில். ஜூனில் கிணறுகள் அடியைக் காட்டும். கடலோர மணலுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பழக்கமும் கிடையாது. ஊற்றிய தண்ணீர், ஊற்றியவர் வாளியைக் கீழே வைப்பதற்குள் போய்விடும்.

முதல் வெள்ளிக்கிழமை இவர் தக்காளி நட்டார். மூன்றாவது வெள்ளிக்கிழமை தக்காளி வைக்கோலாகிவிட்டது. சாதாரண மனிதர் காற்றைத் திட்டியிருப்பார், அல்லது லீவு கொடுத்தவர்களைத் திட்டியிருப்பார். இவர் தீர யோசித்து, பிழை முறையில்தான் என்று கண்டுபிடித்தார். அன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை விவசாயி முழுமையாக அவதரித்தார். லீவு முடிந்த பிறகும் அவதாரம் முடியவில்லை.

முதலில் சதுர அடி முறை. மெல் பார்த்தலோமியூ என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1981இல் புத்தகமாகப் போட்டது. 4 அடிக்கு 4 அடி பெட்டி. அதை நூல் கட்டி 16 கட்டமாகப் பிரிக்கவேண்டும். ஒரு கட்டத்தில் முள்ளங்கி என்றால் 16, சலாது என்றால் 4, தக்காளி என்றால் 1. கணக்கு எழுதிப் பழகிய கைக்கு இது தேன். மகளின் கொம்பாஸ் பெட்டியிலிருந்து அடிமட்டம் காணாமல் போனது. கட்டங்கள் மிகத் திருத்தமாக அமைந்தன. இரவில் வந்த நகரத்து மான்களுக்கும் வசதியாக இருந்தது: பந்தியில் இலைக்கு இலை வேறு வேறு கறி வைத்த மாதிரி, ஒரு கட்டம் விடாமல் ருசி பார்த்துவிட்டுப் போயின.

அடுத்தது ஜீவாமிர்தம். மகாராஷ்டிரத்துச் சுபாஷ் பாலேக்கரின் முறை. 200 லீற்றர் தண்ணீர், 10 கிலோ சாணி, கோமியம், 2 கிலோ சர்க்கரை, 2 கிலோ பயறுமா, ஒரு பிடி மண். இது ஒரு ஏக்கருக்கு. ஏக்கர் என்பது 160 பேர்ச். நம்மவரின் வளவில் வீடு, கிணறு, மோட்டார் சைக்கிள் நிற்கும் இடம் எல்லாம் கழித்தால் மிஞ்சுவது 3 பேர்ச். அதற்கேற்ப அளவைக் குறைத்திருக்கலாம். ஆனால் கையில் கிடைத்த பரல் 200 லீற்றர். பரலை அரைகுறையாக விடுவது முறைக்குச் செய்யும் துரோகம்.

பாலேக்கர் நாட்டு மாட்டுச் சாணிதான் வேண்டும் என்பார். திருகோணமலை வீதிகளில் கட்டாக்காலி மாட்டுக்குப் பஞ்சமில்லை. விடியற்காலையில் உட்துறைமுக வீதியில் உடற்பயிற்சிக்கு நடக்கிறவர்கள், ஒரு மாட்டுக்குப் பின்னால் வாளியோடு மரியாதையான இடைவெளி விட்டு நடக்கிற பெரிய மனிதரைக் கண்டு வணக்கம் சொல்லிப் போனார்கள். மாடு நாட்டு மாடா, கலப்பா என்று கேட்டறிய ஆளில்லை. வீட்டில் நிலைமை வேறு. அரைக் கிலோ மா வாங்கவே யோசிக்கிற காலத்தில் 2 கிலோ மாவைச் சாணிக்குள் கரைத்தவரை மனைவி ஒரு பார்வை பார்த்தார். "இஞ்சேருங்கோ, அதில நானூறு வடை சுட்டிருக்கலாம்." அந்தக் கணக்கு சரியில்லைதான், ஆனால் அன்று அதைத் திருத்த வீட்டில் யாருக்கும் துணிவு வரவில்லை.

இனி மணத்துக்கு வரலாம். மீன் அமிலம், கொரியாவின் இயற்கை விவசாயக்காரர் சோ ஹான் கியூவின் வழியில் வந்த சங்கதி. மீன் கழிவு எவ்வளவோ, அதே நிறைக்குச் சர்க்கரை. மூடி வைத்து மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் ஊறவிட்டால் தேன் நிறத்தில் ஒரு சாறு இறங்கும். அதைத் தண்ணீரில் நன்றாக ஐதாக்கித் தெளித்தால் செடி தழைக்கும். உண்மையாகவே தழைக்கும், இவருடைய முறைகளில் திருகோணமலைக்குப் பொருந்துபவற்றில் இதுவும் ஒன்று என்று இதை எழுதுகிறவர் நினைக்கிறார். சூரைத் தலையும் சாளைக் குடலும் இங்கே காசில்லாமல் கிடைக்கும். ஒழுங்காகச் செய்தால் அழுகல் நாற்றமும் பெரிதாக வராது. சிக்கல் எங்கே என்றால், சர்க்கரை விலையைக் கேட்டதும் இவர் சர்க்கரையைப் பாதியாக்கினார். பாதிச் சர்க்கரையில் மீன் ஊறாது, அழுகும். அந்த மாதம் தெருவில் இருந்த பூனைகள் எல்லாம் இவருடைய மதிலில் கூட்டம் வைத்தன. அயல்வீட்டுக் கல்யாணப் பேச்சு ஒன்று, மாப்பிள்ளை வீட்டார் வாசலோடு திரும்பியதால் தள்ளிப்போனதாகவும் ஒரு கதை உண்டு.

மணம் இல்லாத முறை வேண்டும் என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியது. அப்படித்தான் ஹவாய் பல்கலைக்கழகத்துப் பேர்னாட் கிராட்கி வந்து சேர்ந்தார். மண் வேண்டாம், பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ரெஜிபோம் பெட்டியில் சத்துக் கரைசல், மூடியில் ஓட்டை, ஓட்டையில் சலாதுக் கன்று. செடி உறிஞ்ச உறிஞ்சக் கரைசல் இறங்கும். மேலே விடுபட்ட வேருக்குக் காற்று கிடைக்கும். பத்து மணி நேர மின்வெட்டைக் கண்ட நாட்டுக்கு மிகவும் தோதான முறை. ஆனால் சலாது மலைநாட்டுக் குளிருக்குப் பழகியது. திருகோணமலை வெயிலில் பெட்டிக்குள் கரைசல் சூடேற, இலை கசந்து, குருத்து நீண்டு பூத்துவிட்டது. பெட்டி காலியானது; மூடியில் ஓட்டைகள் மட்டும் மிச்சம். முதல் மழைக்குத் தண்ணீர் நிரம்பியது. அடுத்த வாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார்.

2017இல் கிண்ணியாவில் டெங்கு ஆடிய ஆட்டத்தைப் பார்த்த மாவட்டம் இது. தேங்காய்ச் சிரட்டைக்கே எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கிறவர்கள், எட்டு ஓட்டை போட்ட நீர்ப்பெட்டியைச் சும்மா விடுவார்களா?

"இது என்ன ஐயா?"

"கிராட்கி முறை, சேர்."

"உள்ளுக்கு நெளியுறதும் கிராட்கியோ?"

அதற்குப் பிறகு இவர் ஜப்பான் பக்கம் திரும்பினார். மசனோபு ஃபுகுவோக்கா: உழவேண்டாம், உரம் வேண்டாம், களை பிடுங்கவேண்டாம், மருந்து வேண்டாம். அந்த மனிதர் இளமையில் யோக்கோஹாமா சுங்கப் பகுதியில் தாவரங்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர் என்று அறிந்ததும் நம்மவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. துறைமுகத்து ஆள் துறைமுகத்து ஆளைத்தானே நம்புவான். அந்த மழைக்காலம் முழுவதும் வளவில் ஒரு வேலையும் நடக்கவில்லை. கேட்டால் தத்துவம். மனைவியின் காதில் அது பழைய சோம்பலாகவே விழுந்தது. வளவில் நாயுருவி நெஞ்சளவுக்கு வந்தது. ஃபுகுவோக்கா வேண்டாம் என்று சொன்ன நாலையும் கண்டறிய எத்தனை வருடம் தன் வயலில் உழைத்தார் என்ற பக்கத்தை இவர் புரட்டவில்லை.

கத்தரி நட்டு முதற்காய் பறிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். இவரிடம் ஒரு முறைக்கு ஆயுள் ஆறு வாரம். ஆகவே எந்த முறையும் தோற்றதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

ஒருநாள் விவசாயப் போதனாசிரியை வந்து வளவைச் சுற்றிப் பார்த்தார். பொறுமையான பிள்ளை. "ஐயா, இந்த மணலுக்கு மக்கின மாட்டெரு நிறையப் போடுங்கோ. வேலிக்குச் சீமைக்கிளுவை நட்டு, இலையை வெட்டி மண்ணுக்குப் போடுங்கோ. மேல வைக்கோல் மூடாக்கு. ஒக்டோபர் மழையோட கன்று வையுங்கோ. கத்தரியில திருநெல்வேலி ஊதா நல்லது, மிளகாயில எம்.ஐ.2."

இவர் கொப்பியைத் திறந்து பேனையோடு நின்றார். "நல்லது மிஸ். இந்த முறைக்குப் பேர் என்ன?"

"பேர் ஒண்டும் இல்ல ஐயா. சும்மா தோட்டம்."

கொப்பி மூடப்பட்டது. பெயர் இல்லாத முறையை அடுத்த வீட்டுக்காரருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? வடக்கே நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் இதே மணலில், கிணற்று நீர் இறைத்து, வெங்காயம் செய்கிறார்கள். அவர்களிடமும் முறையின் பெயர் கேட்டுப் பார்த்திருக்கிறார். வெங்காயம் எத்தனை கிலோ வேண்டும் என்றுதான் திருப்பிக் கேட்டார்களாம்.

எல்லா முறைகளும் கடைசியில் மானிடம் போய் நிற்கும். பிரெட்றிக் கோட்டைக்குள்ளும் அதைச் சுற்றியும் வாழும் புள்ளிமான்கள் இந்த நகரத்தின் பிரஜைகள். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர் கையால் வாழைப்பழம் வாங்கித் தின்னும். இரவில் தெருத் தெருவாக நடந்து குப்பையையும் கிளறும், கத்தரியையும் மேயும். சட்டம் அவற்றின் பக்கம்: கல் எறிந்தாலும் இவர்தான் குற்றவாளி. இடுப்பளவு வேலியை மான் வேலியாகவே மதிப்பதில்லை. பழைய மீன்வலையை ஆளுயரத்துக்குக் கட்டியவர்கள் ஏதோ பறிக்கிறார்கள். இவரும் கட்டினார், கேற்றுக்கு மட்டும்.

2025 மார்ச் 15ஆம் திகதி இவருக்கு நீதி கிடைக்கும் போலிருந்தது. பயிரழிக்கும் விலங்குகளை எண்ண அரசாங்கம் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. காலை 8.00 மணிக்குத் தொடங்கி 8.05க்கு முடியும், அந்த ஐந்து நிமிடத்தில் அவரவர் வளவில் நிற்பவற்றை எண்ணி எழுதவேண்டும். இவர் 7.45க்கே பேனையோடு வளவின் நடுவில் நின்றார். படிவத்தைப் பார்த்தார். குரங்கு இருந்தது, மர அணில் இருந்தது, மயில் இருந்தது. மான் இல்லை. கீழே கைப்பட ஒரு நிரல் கீறி, "மான்: இரவில் வருபவை, 11" என்று எழுதிக் கொடுத்தார். வாங்கியவர் சிரிக்காமல் வாங்கியதை இவர் இன்றும் நன்றியோடு சொல்வார்.

இதற்கிடையில் கிணற்றடியில், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில், யாரும் நடாத பசளிக்கொடி ஒன்று மதில் ஏறி நிற்கிறது. அதிலிருந்துதான் வாரம் இரண்டு முறை இந்த வீட்டில் கீரை. இவர் அதைத் தோட்டக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது இவர் கையில் இருப்பது பானைப் பாசனம். சுடுமண் பானையைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பினால், பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வேருக்குப் போகும். சீனாவில் ஈராயிரம் வருடத்துக்கு முன்பே எழுதி வைத்த வழி. மணலுக்கும் கச்சானுக்கும் இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம். தயிர்ச் சட்டிகளை மதிலோரம் சேர்த்து வைத்திருப்பது இதற்குத்தான். ஓட்டை போட்ட பிறகுதான் ஓட்டை போடக்கூடாது என்று வாசித்தார். இப்போது சீமெந்தால் அடைத்துக்கொண்டிருக்கிறார்.

அயலில் இப்படி ஒருவர் இருந்தால் ஒக்டோபர் பிறக்கும்போது பழைய வலைத் துண்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பதிலுக்கு அவர் ஒரு போத்தல் மீன் அமிலம் தராமல் விடமாட்டார். மறுக்காமல் வாங்குங்கள். செடிக்கு விடுவதானால் ஒரு வாளி தண்ணீருக்கு ஒரு மூடி போதும். ஐதாக்காமல் ஊற்றினால் இலை கருகும். போத்தலை வெளியே நிழலில் வையுங்கள், மூடியை இறுக்க வேண்டாம். உள்ளே இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும், இறுக்கினால் வெடிக்கும்.