ரயர்ச் சாத்திரியார்

ரொறன்ரோவில் தமிழர் கூடுகிற எந்த மண்டபத்துக்கும் ஒக்டோபர் கடைசியில் போய்ப் பாருங்கள். உள்ளே நாதஸ்வரம். வெளியே, பட்டுவேட்டிக்கு மேல் முழங்கால்வரை குளிர்ச்சட்டை மாட்டிய ஒருவர் யாருடைய எஸ்.யு.வி.யின் பின்சில்லுக்கோ பக்கத்தில் குந்தியிருப்பார். ஒரு கையில் செல்பேசி வெளிச்சம், மற்றக் கையில் இரண்டு டொலர்க் குற்றி. கள்ளன் என்று நினைத்துக் கூச்சல் போடவேண்டாம். சாதகம் பார்க்கிறார்.

எங்கள் ஸ்காபரோ வட்டாரத்துச் சாத்திரியார் ஊரில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவர். நேரே கண்டால் மாஸ்ரர் என்போம். அவர் அங்காலே போனதும் ரயர்ச் சாத்திரியார். பட்டம் அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது, பிடிக்காது. "நான் படிச்ச மனுசன். சாத்திரம் கீத்திரம் எனக்கு ஒத்துவராது. ரப்பரில எழுதியிருக்கிறதை வாசிக்கிறன், அவ்வளவுதான்."

வாசிக்கிற முறையைப் பார்த்தால்தான் சந்தேகம் வரும். ரயரின் பக்கச்சுவரைப் பெருவிரலால் துடைத்து, டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையைப் பிடித்து, கடைசி நாலு இலக்கத்தில் வந்து நிற்பார். "3519. எண்டால் 2019ஆம் ஆண்டு, 35ஆம் கிழமை. ஆவணியில பிறந்த பிள்ளை." பிறகு எழும்பி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மற்றச் சில்லுக்குப் போவார். "இது 2022. தங்கச்சி. பொருத்தம் சரியில்லை." முன்னுக்கு இரண்டு வின்ரர், பின்னுக்கு இரண்டு ஓல் சீசன் என்று செலவைப் பாதியாக்க நினைப்பவர்களை அவர் மன்னிப்பதே இல்லை. "வளைவில திருப்பேக்க பின்பக்கம் முன்னுக்கு வந்து உம்மைப் பாத்துச் சிரிக்கும்."

அடுத்தது குற்றி. கனடாவின் இரண்டு டொலரில் ஒரு பனிக்கரடி நிற்கிறது. அதன் பாதம் கீழே வரும்படி குற்றியைத் தவாளிப்புக்குள் செருகுவார். ரப்பர் கரடியின் பாதத்தைத் தொட்டால் ரயர் புதுசுபோல. வெள்ளி விளிம்பின் பாதியோடு நின்றுவிட்டால் பாதி ஆயுள் போயிற்று. விளிம்பிலுள்ள எழுத்தை மட்டும் மூடினால் வாய் திறக்கமாட்டார். குற்றியைத் துடைத்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, செத்தவீட்டுக்காரரைப் பார்ப்பதுபோலச் சொந்தக்காரரைப் பார்ப்பார்.

பக்கச்சுவரில் எம், எஸ் என்று இரண்டு எழுத்து இருக்கும். சேற்றுக்கும் பனிக்கும் என்று அர்த்தம். "பனி எண்டு போட்டிருக்குத்தானே மாஸ்ரர்" என்று யாராவது வாயைக் கொடுத்தால் முடிந்தது. அது தவாளிப்பின் வடிவத்தைப் பார்த்து வைத்த பேர், ஓட்டிப் பார்த்து வைத்த பேரில்லை. "கலாநிதி எண்டு தங்கடை பேருக்கு முன்னால தாங்களே போட்டுக்கொள்ளுறவை இல்லையே, அப்பிடி." மூன்று கொடுமுடி உள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ, இந்தச் சின்னத்தைக் கண்டால்தான் முகம் மலரும். இறுகிய பனியில் வைத்துச் சோதித்து, ஒப்பீட்டு ரயரைவிடப் 10 சதவீதமாவது கூடுதல் பிடி காட்டினால்தான் அந்தப் பூ கிடைக்கும். மலர்ந்த முகம் உடனேயே வாடும். "ஆனால் அது பனியில வெளிக்கிடுற சோதினை. ஐஸில நிக்கிற சோதினை இல்லை."

போன வருடம் நானும் ஒரு எஸ்.யு.வி. வாங்கினேன். விற்றவர் சொன்ன ஒரு வசனம் மனதுக்குள் தேன்போல ஊறிக்கிடந்தது: நாலு சில்லும் இழுக்கிற வண்டிக்கு ஓல் சீசனே தாராளம். அதை அப்படியே மாஸ்ரரிடம் ஒப்புவித்தேன்.

"வெளிக்கிடுறதுக்கு நாலு சில்லும் இழுக்கும், சரி. நிக்கிறதுக்கு? உம்மடை பழைய கொறோலாவுக்கும் நாலு சில்லிலதானே பிரேக் இருந்தது?"

அதற்கு மறுமொழி என்னிடம் இல்லை. அவர் நிறுத்தவும் இல்லை. "1,600 கிலோ ஜீப் தம்பி. ஒவ்வொரு ரயரும் றோட்டைத் தொடுறது உள்ளங்கை அகலம். நாலு உள்ளங்கையில மனிசி, பிள்ளையள், மாமி எல்லாரையும் ஏத்திக்கொண்டு போறீர்."

மாமியை விட்டுவிட்டு மற்றவர்களை நினைத்துக் கொஞ்சம் கவலைப்பட்டேன்.

பிறகு பாடம். செல்சியஸ் 7 பாகைக்குக் கீழே போனால் சமர் ரயர் விறைத்துப் பிடியை விட்டுவிடும். ஓல் சீசனும் அந்த வழியில்தான். வின்ரர் ரயரின் கலவை கடுங்குளிரிலும் மெத்தென்று இருக்கும்படி செய்தது. அதன் கட்டைகளில் பிளேட்டால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான வெட்டுகள், பனியைக் கவ்வ. பனி விழுந்த பிறகு மாற்றலாம் என்று மட்டும் அவருக்கு முன்னால் சொல்லக்கூடாது. "பனி விழேக்க மட்டுமோ நீர் சுவெற்றர் போடுறனீர்?" இரசாயனம் முடிய வரலாறு வரும். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கப்பலில் வந்த ரப்பர்க் கன்றுகளை நட்டது எங்கள் நாட்டில், கம்பஹாவுக்குப் பக்கத்து ஹெனரத்கொடயில். "வெக்கையில வளந்த சாமான், இஞ்ச வந்து விறைக்காமல் என்ன செய்யும்? உமக்கே விறைக்குது." இன்றைய ரயரில் செயற்கை ரப்பரும் தாராளமாகக் கலந்திருப்பதை இந்த இடத்தில் இரசாயன ஆசிரியர் வசதியாக மறந்துவிடுவார்.

இவ்வளவும் கேட்டபின் எந்த ரயர் வாங்க என்றால், ரயரைப் பற்றிப் பேசவேமாட்டார். வேலை எத்தனை மணிக்கு? வீட்டு வாசல் ஏற்றமா? பனி கொட்டுகிற நாளில் லீவு போட முடியுமா? சாத்திரியார்கள் எல்லாரிடமும் எனக்கு மதிப்பில்லை. ஆனால் விலைப் பட்டியலைத் தூக்காமல் முதலில் ஆளை விசாரிக்கிற இவரிடம் உண்டு. ஓய்வெடுத்துக்கொண்டு சப்வேக்குப் பக்கத்து அடுக்குமாடியில் இருப்பவருக்கு, பனிப்பூச் சின்னம் உள்ள ஓல் வெதரே போதும் என்று விட்டுவிடுவார். ஓல் வெதர் வேறு, ஓல் சீசன் வேறு. பேர் வைத்தவனுக்குப் பிள்ளை குட்டி இருந்திருக்காது. ஓல் சீசனைப் பற்றி அவருடைய தீர்ப்பு: "சொதியுமில்லை, குழம்புமில்லை." சமர் ரயர், 21 அங்குல றிம்மோடு வருகிற மருமகன்மாருக்கு. அவர்களுக்குக் குளிர்காலத்துக்கு வேறு கார் இருக்கும், அல்லது மாமனாருடைய கார் இருக்கும்.

நான் காலை ஐந்து மணிக்கு, பனி வழிக்கும் வண்டி வரமுன்னர் வெளிக்கிடுகிறவன். "உமக்கு வின்ரர்தான். சூரசம்ஹாரம் முடிஞ்ச கையோட பூட்டும். சித்திரை பிறந்தாப்போல கழட்டும்."

"ஒன்ராறியோவில சட்டம் இல்லையே மாஸ்ரர்?"

"கியூபெக்கில டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 மட்டும் சட்டம். மொன்றியல் மச்சானுக்கு அரசாங்கம் இருக்கு. உமக்கு மனிசி இருக்கு."

நான் கேட்கவில்லை. டிசம்பர் நடுவில் ஒரு விடியற்காலை, எங்கள் தெருமுனை நிறுத்தக் குறிக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் காலுக்குக் கீழே கடகடவென்று துடித்தது. நாலு சில்லும் ஒற்றுமையாக வழுக்கின. சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தான் நினைத்த பக்கம் போய், ஒரு சீன வயோதிபர் இரவிரவாக அள்ளிக் குவித்திருந்த பனிமேட்டில் மூக்கைப் புதைத்தது. அவர் கதவைத் திறந்து என்னைப் பார்க்கவில்லை. நேரே ரயரைப் பார்த்தார். அந்தச் சாதியார் எல்லா இனத்திலும் உண்டு.

அன்று பின்னேரமே நாலு வின்ரர் ரயர், நாலு கறுப்பு இரும்பு றிம். கூறைச்சேலைக்குப் பாட்டாச் செருப்பு போட்டமாதிரி என்றாள் மனைவி. காற்றமுக்கம் காட்டும் உணரியை விட்டுக் காசு மிச்சம் பிடித்ததால் மஞ்சள் விளக்கு ஒன்று சித்திரைவரை தூண்டாமணி விளக்குப்போல எரிந்துகொண்டேயிருந்தது. காப்புறுதிக்காரருக்குச் சொன்னால் கழிவு உண்டு. 2016 முதல் ஒன்ராறியோவில் அவர்கள் கொடுத்தே ஆகவேண்டும். அதையும் மாஸ்ரர் சொல்லித்தான் கேட்டு வாங்கினேன். 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்கச் சொன்னார். இறுக்கினேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் நிறுத்தக் குறிகளில் நான் நின்ற அழகைப் பார்க்க ஒருவரும் இல்லாதது மட்டும்தான் குறை.

சித்திரை பிறந்தது. வந்த முதல் சனிக்கிழமை கராஜுக்குப் போய், சொன்ன சொல் தப்பாமல் கழற்றி, பேஸ்மென்ரில் அடுக்கினேன். ஞாயிறு விடிய யன்னலைத் திறந்தால் தெரு வெள்ளை. மாஸ்ரருக்குப் போன் எடுத்தேன்.

"நீங்கள் சொன்னபடிதானே கழட்டினனான்?"

"நேற்று எத்தினை மணிக்கு?"

"பத்தேகாலுக்கு."

மறுமுனையில் கலண்டர்த் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு நல்ல நீளமாக ஒரு பெருமூச்சு.

"சனிக்கிழமை பத்தேகால் ராகுகாலம் எல்லே தம்பி?"