முதல் நூறு பக்கம் மட்டும்

புத்தகம் பதினோரு மாதம் கழித்து வீடு திரும்பியது. 42ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட். டிக்கெட்டில் இருந்த தேதி, புத்தகம் கைமாறியதற்கு மறுநாள். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டூன்’ நாவலோடு அலுவலக நண்பர் நடத்திய குடித்தனம் ஒரே ஒரு பஸ் பயணத்தில் முடிந்திருக்கிறது.

சிபாரிசுக்காரர் மனம் தளரவில்லை. “சரியா 42ல நிறுத்தியிருக்கீங்களே சார், அது என்ன நம்பர் தெரியுமா?” என்று அடுத்த புத்தகத்துக்குத் தாவினார். 1978இல் பிபிசி வானொலி நாடகமாகத் தொடங்கி, மறுவருடம் நாவலாக வந்தது டக்ளஸ் ஆடம்ஸின் ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’. வாழ்க்கை, பிரபஞ்சம், இன்னபிற எல்லாவற்றுக்கும் விடை என்ன என்று அதில் ஒரு கம்ப்யூட்டரைக் கேட்பார்கள். அது 75 லட்சம் ஆண்டுகள் யோசித்துவிட்டு ‘42’ என்று சொல்லும். கேள்விதான் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க இன்னொரு பெரிய கம்ப்யூட்டரைக் கட்டுவார்கள்.

நண்பர் பணிபுரிவது தணிக்கைப் பிரிவில். “இதுக்குப் போய் நாவல் எதுக்கு சார்? மார்ச் மாசம் எங்க செக்‌ஷனுக்கு வாங்க” என்றார்.

சிபாரிசுக்காரர் யார் என்று வாசகர்கள் துப்புத் துலக்க வேண்டியதில்லை. அவர் கையெழுத்தும் இந்தக் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியும் ஒத்துப்போகும் என்பதோடு விட்டுவிடலாம். ஆள் நல்லவர். கடன் கேட்க மாட்டார், அரசியல் பேச மாட்டார். விஞ்ஞானப் புனைகதை, மாயாஜால நாவல் இரண்டில் எதையாவது அடுத்தவர் கையில் திணிக்காமல் மட்டும் அவரால் இருக்க முடியாது. திணிக்கும்போது ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: “முதல் நூறு பக்கம் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

வேறு எந்தச் சரக்கையும் இப்படி விற்க முடியாது. முதல் நூறு இட்லி கொஞ்சம் கல்லு மாதிரி இருக்கும், அப்புறம் பஞ்சு என்று போர்டு வைக்கிற ஓட்டலை யாராவது பார்த்ததுண்டா? ஆனால் சிபாரிசுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு குடும்பக் கதையில் மாமியார் என்று சொன்னால் போதும், மீதியை வாசகரே போட்டுக்கொள்வார். ‘டூன்’ மாதிரி நாவலில் தண்ணீருக்கு என்ன விலை, மணலில் ஏன் தாளம் தப்பி நடக்க வேண்டும், மசாலா என்று எதைச் சொல்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நாவலின் கடைசியில் அருஞ்சொற்பொருள் அகராதியே இருக்கிறது. சிபாரிசுக்காரர் இதை ஒரு பெருமையாகச் சொன்னபோது நண்பரின் முகம் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சைக்குப் போய்விட்டுத் திரும்பியது.

அடுத்த அஸ்திரமாக அவர் எடுத்தது வரலாறு. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் ‘டூன்’ நாவலைத் திருப்பி அனுப்பின. 1965இல் அதைத் துணிந்து புத்தகமாகப் போட்டது சில்ட்டன் என்ற நிறுவனம். அது கார் ரிப்பேர் கையேடுகளுக்குப் பேர்போனது! பிறகு ஹியூகோ, நெபுலா என்று இரண்டு பெரிய விருதுகளும் நாவலுக்கு வந்து சேர்ந்தன. இத்தனையும் கேட்ட நண்பர் நிதானமாக ஒரு சந்தேகம் எழுப்பினார்.

“அந்த இருபது பேரும் எத்தனாவது பக்கத்துல சார் நிறுத்தினாங்க?”

அலுவலகம் கைவிட்டால் உறவு இருக்கிறது. மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற சித்தப்பாவுக்கு வயது 74, நாள் முழுக்க நேரம். அவருக்கு எடுத்துப் போனது ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசை. சித்தப்பா அட்டையைப் பார்க்கவில்லை, பின்னட்டையையும் பார்க்கவில்லை. முதல் கேள்வி, “கதை முடிஞ்சிருச்சா?”

முதல் பாகம் 1996, ஐந்தாவது பாகம் 2011, ஆறாவதுக்கு உலகமே காத்திருக்கிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று. சித்தப்பா விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை நாசூக்காகத் தள்ளிவைத்தார். “எழுதறவனே முடிக்கல, படிக்கறவன் முடிக்கணுமாடா?”

முடிந்த கதையும் கைவசம் இருந்தது. ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’, மொத்தம் 14 பாகம். 1990இல் தொடங்கியவர் 2007இல் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் 2013இல் கதையை முடித்துவைத்தார். இதை ஊக்கமளிக்கும் தகவல் என்று நினைத்து சிபாரிசுக்காரர் சொன்னார். சித்தி உள்ளேயிருந்து, “வயசானவர்கிட்டப் பேசற பேச்சா இது?” என்றார்.

மூன்றாவது முயற்சி டெர்ரி பிராட்செட். ‘டிஸ்க்வேர்ல்ட்’ வரிசையில் 41 நாவல்கள். முதலாவதிலிருந்து தொடங்காதே என்று ரசிகர்களே எச்சரிப்பார்கள். எங்கிருந்து எங்கே போவது என்று காட்ட, அம்புக்குறியும் கட்டமுமாக வரைபடம் போட்டுவைத்திருக்கிறார்கள். சித்தப்பா அன்று முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தைக் கால்மணி நேரம் ஆராய்ந்தார். “நல்லாத்தான் போட்டிருக்கான். ஃபியூஸ் எங்கடா?”

அவருக்கு விஞ்ஞானக் கதை ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது. எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ வந்தபோது வாராவாரம் தாளைப் பிரித்தெடுத்து, பைண்டு பண்ணிவைத்தவர். கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். பேர் வைப்பதுகூட அரசாங்கத்தின் கையில் இருக்கும் அந்த உலகத்தில், ஜீனோ என்ற இயந்திர நாய் மனிதர்களைவிட அதிகம் படித்திருக்கும். அந்த வருடங்கள் நிஜமாகவே வந்துபோனபோது சித்தப்பா பைண்டு வால்யூமை எடுத்து மறுபடி படித்தாராம். முதல் நூறு பக்கம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. அந்த வசதி சுஜாதாவுக்கு இல்லை. முதல் வாரமே பிடிக்காவிட்டால் ஜனங்கள் பக்கத்தைத் தள்ளிவிட்டு ஜோக்குக்குப் போய்விடுவார்கள். சிபாரிசுக்காரருக்குச் சட்டென்று உறைத்த ஒரே இடம் இதுதான். உறைத்தது சுமார் ஒரு மணி நேரம் நீடித்தது.

பிறகு தங்கை மகள். ஏழாம் வகுப்பு. அவளுக்குக் கொடுத்தது அர்சுலா லெ குவினின் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’. மந்திரம் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம், திறமைசாலிப் பையன், அவன் கர்வத்தில் அவிழ்த்துவிடும் ஒரு நிழல். நாலு பக்கம் புரட்டிவிட்டு அவள் தீர்ப்பு சொன்னாள்: “மாமா, இது ஹாரி பாட்டர் காப்பி.” எர்த்சீ வந்தது 1968இல், ஹாரி பாட்டர் 1997இல், நடுவில் 29 வருடம் என்று மாமா விளக்கினார். “அப்ப காப்பி அடிச்சது அவங்களா?” என்று அவள் கண்ணை விரித்தாள். மாமா அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. பேசியிருந்தால் மறுநாள் பள்ளிக்கூட வேனில் அது செய்தியாகியிருக்கும்.

ஆனால் புத்தகத்தை அவள் விடவில்லை. காரணம், அதன் கதாநாயகன் கெட் மாநிறத்துக்காரன். எர்த்சீயின் மக்களில் பெரும்பாலோர் அப்படித்தான். 2004இல் தொலைக்காட்சியில் எடுத்தபோது வெள்ளை நடிகரைப் போட்டுவிட்டார்கள், லெ குவின் பகிரங்கமாகவே கண்டித்து எழுதினார். “நம்ம கலர்ல மந்திரவாதியா?” என்று கேட்டவள் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிட்டாள். மாமா இதற்காக அதைச் சிபாரிசு செய்யவே இல்லை. உண்மையான பெயரைத் தெரிந்துகொண்டால் ஒரு பொருளை ஆளலாம் என்ற தத்துவத்தைப் பற்றி அவர் தயாரித்துவைத்திருந்த அரைமணி நேரப் பேச்சு அப்படியே இருக்கிறது.

கடைசியாக நடந்ததுதான் அதிசயம். அடுக்ககத்தின் லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றுபோன ஒரு சாயங்காலம். உள்ளே சிபாரிசுக்காரரும் சங்கச் செயலாளரும். தப்பி ஓட இடமில்லாத ஒரு மனிதர் கிடைத்தால் சிபாரிசுக்காரர் விடுவாரா? ஆர்தர் கிளார்க்கின் ‘தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ பற்றித் தொடங்கினார். 1979இல் வந்த நாவல். பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் பாதை வரைக்கும், அதற்கு அப்பாலும், கம்பி இழுத்து லிஃப்ட் விடுகிறான் ஒரு எஞ்சினியர்.

“36,000 கிலோமீட்டரா?” செயலாளர் லிஃப்டின் கூரையை அண்ணாந்து பார்த்தார். “நமக்கு நாலு மாடி.”

கதை நடக்கும் தப்ரபேன் தீவு, இலங்கைதான். இந்த லிஃப்டுக்குப் பூமத்திய ரேகை வேண்டும் என்பதால் கிளார்க் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார். இலங்கையில் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை வாழ்ந்தவர், திருகோணமலைக் கடலுக்குள் முங்கிக் கோணேஸ்வரம் கோயிலின் சிதைவுகளைப் பார்த்தவர்; அந்த உரிமையில் நகர்த்தியிருக்கலாம். லிஃப்ட் கிளம்ப வேண்டிய மலை, சிவனொளிபாதமலையை மனதில் வைத்து எழுதியது. அதன் உச்சியில் ஒரு பௌத்த மடம். மடத்துப் பெரியவர் இடத்தைக் காலி பண்ண மாட்டேன் என்கிறார்.

செயலாளரின் முகம் அந்த இடத்தில்தான் மாறியது. வாகன நிறுத்துமிடத் தகராறில் ஏழு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தவர் அவர். “அப்ப லேண்ட் அக்விசிஷன் கேஸா?” என்றார். மெக்கானிக் வந்து கதவைத் திறந்தபோதும் வெளியே வராமல், ஸ்டே கிடைத்ததா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று இரவே ஆள் அனுப்பிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தார். பஸ் டிக்கெட் எதுவும் உள்ளே இல்லை, ஓரங்களில் பென்சில் குறிப்புகள் இருந்தன.

“பிரமாதம் சார். ஒண்ணு மட்டும் எங்கயும் போடலியே. 36,000 கிலோமீட்டருக்கு ஏஎம்சி யார் கட்டறாங்க? கீழ் வீட்டுக்காரங்க நாங்க லிஃப்டே யூஸ் பண்றதில்லைம்பாங்களே?”

சிபாரிசுக்காரர் இப்போது அந்த நாவலை நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறார். நூறு பக்கம் தாண்டிவிட்டது. பராமரிப்புக் கட்டணம் பற்றி இன்னும் ஒரு வரி கிடைக்கவில்லை.