பின்னதிர்வு வைத்தியர்

தேனியிலிருந்து குமுளி அடிவாரம் வரை நீண்டு கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கில், மோட்டார்ப் பட்டறை உள்ள ஊர்களிலெல்லாம் ஒரு பெரியவரைத் தரிசிக்கலாம். பட்டறை அவருடையதன்று, அதில் அவருக்கு உத்தியோகமும் இல்லை, அவர் ஸ்பேனரைத் தொட்டார் என்று அவருடைய விரோதிகள்கூடக் குற்றம் சாட்டியதில்லை. ஆயினும், வேப்பமரத்தடியில் பெஞ்சுக்குப் பதிலாகக் கிடக்கும் பழைய ஜீப்பு சீட்டின்மேல் அவர் வந்து அமர்ந்து, முதல் டீயை ஊதிக் குடித்து, "என்னப்பா, யாரு வண்டி?" என்று ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் அன்றைய அலுவல் சாஸ்திரோக்தமாகத் தொடங்கியதாகக் கொள்ளப்படும். ஊரார் அவரைப் பல உறவுமுறை வைத்து அழைப்பார்கள். நாம் பின்னதிர்வு வைத்தியர் என்று அழைப்போம். ஏனெனில் வண்டியின் முன்பாதியில் தோன்றும் வியாதிகளை அவர் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. ஸ்டியரிங் ஆடினால் ஓட்டுகிறவனுக்கே தெரிந்துவிடும். எஞ்சின் இருமினால் தெருவுக்கே தெரிந்துவிடும். பின்னாலிருந்து, இன்ன இடம் என்று சுட்ட முடியாதபடி முதுகுத்தண்டின் வழியாக ஏறிவரும் நடுக்கம் இருக்கிறதே, அது ஞானவான்களுக்கென்றே ஆண்டவன் ஒதுக்கிவைத்த சங்கதி என்பது அவருடைய சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தத்துக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு, பொழுது விடியுமுன்னே போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏறி, பொழுது சாயும்போது இறங்குகிற ஜீப்புகள் இந்தப் பள்ளத்தாக்கின் தனிச் செல்வம். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதில் சட்டம் ஒரு கணக்கும் டிரைவர் ஒரு கணக்கும் வைத்திருப்பதாலும், போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டையூசி வளைவுகளிலும் அத்தனை பாரமும் பின்பக்கமே சாய்வதாலும், கியர்ப்பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீள ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள, கிராஸ் எனப்படும் மூட்டுகள் இங்கே சீக்கிரம் தேய்ந்துபோகின்றன. கழற்றிய ஷாஃப்டை மறுபடி கோக்கும்போது, இரு முனைக் கவைகளும் ஒரே நேரில் நிற்கும்படி, அதில் இருக்கும் அம்புக்குறிகளைப் பார்த்துப் பொருத்த வேண்டும். அவசரத்தில் பல் தள்ளி மாட்டிவிட்டால், புதுக் கிராஸ் போட்ட வண்டி பழைய கிராஸோடு நடுங்கியதைவிட அதிகமாக நடுங்கும். இந்த உண்மையை முன்னொரு காலத்தில் ஒரு மேஸ்திரி கண்டுபிடித்தபோது வைத்தியர் அருகில் நின்றுகொண்டிருந்தார். அன்று கிடைத்த ஞானத்தைக் கொண்டே இன்றுவரை காலக்ஷேபம் செய்துவருகிறார்.

ஜீப்புகளோடு நின்றிருந்தால் அவருடைய கீர்த்திக்குப் பங்கம் வந்திராது. விதிவசத்தால், போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்து இளைஞர் ஒருவர், பாட்டனார் ஆசையாக வாங்கி, தகப்பனார் அலுத்துப்போய்க் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வெளியே எடுத்து, புதுச் சாயம் பூசிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மிக்கெலோத்தி என்ற இத்தாலியர் வரைந்த வடிவில் 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக அவதரித்து, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியாரால் செய்யப்பட்ட வம்சம் அது. 948 சி.சி. எஞ்சினை வைத்துக்கொண்டு பந்தயப் பெருமை பேச முடியாதெனினும், 1962-ல் வெளிவந்த ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் இந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கிச் செய்யப்பட்டதாகையால், ரத்த சம்பந்தம் மறுக்க முடியாதது. அதைச் சொல்லாமல் இளைஞர் எவரையும் வண்டிக்குள் ஏற்றுவதில்லை. விளக்குகளும் மட்காடுகளும் சேர்ந்து முன்பாகம் முழுவதும் ஒரே பாளமாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும் விநோதத்தைக் காண்பதற்குப் பக்கத்து டீக்கடையே காலியாகி வந்து நின்றது. வைத்தியர் மட்டும் முன்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"அறுபதத் தாண்டுனா பின்னாடி கெடுகெடுன்னு நடுங்குது, மாமா."

"நடுக்கம் இடுப்புல நிக்குதா, பிடரிக்கு ஏறுதா மாப்ள?"

"அப்படியெல்லாம் பிரிச்சுப் பாக்கலையே மாமா."

"பாத்திருக்க மாட்டீக. அதுக்குத்தான் நான் இருக்கேன்."

பரிசோதனை வீரபாண்டியைத் தாண்டிச் சின்னமனூர்ச் சாலையில் நடந்தது. வைத்தியர் பின் சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் பாதங்களைத் தரைத் தகட்டில் பதித்து, வலது உள்ளங்கையைச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டு, கண்களை மூடினார். ஆடிக் காற்று கணவாய் வழியாகப் புகுந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்துக்கொண்டிருந்தபடியால், "கண்ணாடிய ஏத்துங்க மாப்ள, காத்தையும் நோயையும் பிரிச்சுப் பாக்கணும்" என்று உத்தரவிட்டார். முள் அறுபத்தைந்தைத் தொட்டதும் அவருடைய மூக்குக்கண்ணாடி சிறிது நழுவியது. முகத்தில் ஓர் அமைதி பரவியது. "கிராஸுதான்" என்றார்.

பட்டறைக்குத் திரும்பி, மேஸ்திரி அடியில் நுழைந்து பார்த்ததில், இந்த வண்டியின் பின்பாகம் ஜீப்பைப் போன்றதல்ல என்பது வெளிப்பட்டது. சக்கரத்துக்குச் சக்கரம் ஒரே இரும்புக் குழலாகப் போகும் ஆக்சில் இதில் இல்லை. கிரவுன் பெட்டி அடிச்சட்டத்தோடு முடுக்கப்பட்டிருக்க, அதன் இருபுறமும் ஒவ்வொரு அரை ஷாஃப்டு ஒவ்வொரு கிராஸோடு புறப்பட்டுத் தனித்தனியே ஏறி இறங்க, குறுக்கே போட்ட ஒரே பட்டைக் கட்டு இரண்டையும் தாங்கி நின்றது. இந்த ஏற்பாடு நம் நாட்டு மேஸ்திரிகளுக்கும் டிரைவர்களுக்கும் பிடிக்காமற் போனபடியால்தான், 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் கம்பெனியார் பழையபடி ஒரே ஆக்சிலுக்குத் திரும்பினார்கள். மேஸ்திரி தயங்கித் தயங்கி இதைச் சொன்னபோது வைத்தியர் சற்றும் கலங்கவில்லை. "ஜீப்புக்கு ரெண்டு கிராஸு, இதுக்கு நாலு. அப்ப நான் சொன்னது ரெண்டு மடங்கு சரின்னு ஆகுதுல்ல?" என்றார்.

அதன் பிறகு நடந்த சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்வதே இளைஞருக்கு நாம் செய்யும் உபகாரம். மதுரையிலும் கோயம்புத்தூரிலும் பழைய சாமான் கடைகளைச் சலித்து நாலு கிராஸ்கள் வந்தன, நடுக்கம் போகவில்லை. சக்கரப் பேரிங்குகள் மாறின, போகவில்லை. நீள ஷாஃப்டு லேத் பட்டறைக்குப் போய் வளைவு பார்த்துத் திரும்பியது, போகவில்லை. பட்டைக் கட்டைப் பிரித்து அடித்தார்கள், அதற்கும் போகவில்லை. ஒவ்வொரு சிகிச்சைக்குப் பிறகும் வைத்தியர் பின் சீட்டில் கண்மூடி அமர்ந்து, "பாதி கொறஞ்சிருக்கு" என்று சான்று வழங்கினார். இவ்வாறு பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வந்தும் நடுக்கம் தன் முழுமை கெடாமல் விளங்கிற்று.

டீ வாங்கி வருவதும் பங்ச்சர் ஒட்டுவதும் தவிர வேறு அதிகாரம் இல்லாத ஒரு பையன் அந்தப் பட்டறையில் இருந்தான். பெட்ரோல் போட்டு வா என்று ஒரு மாலையில் அவனிடம் காரைக் கொடுத்தார்கள். அறுபத்தைந்தில் நடுக்கம் தொடங்கியதும் அவன் நியூட்ரலில் தள்ளிவிட்டுக் காலை எடுத்தான். எஞ்சின் அடங்கியது, நடுக்கம் அடங்கவில்லை. ஆகவே எஞ்சினும் கிளட்சும் நிரபராதிகள். அந்த வேகத்தில் இந்தக் காரின் சிறிய சக்கரம் வினாடிக்குச் சுமார் பத்துச் சுற்றுச் சுற்றும். நீள ஷாஃப்டோ நாற்பதுக்குக் குறையாமல் சுற்றும். ஷாஃப்டின் குற்றமானால் காதில் ரீங்காரமாகக் கேட்கும். இதுவோ இடுப்பில் தடதடவென்று தட்டியது. பையன் இந்தக் கணக்கைப் போட்டானோ இல்லையோ, பட்டறைக்கு வந்ததும் பின்சக்கரங்களை முன்னுக்கும் முன்சக்கரங்களைப் பின்னுக்கும் மாற்றி மாட்டி, மறுபடி ஓட்டினான். பின் சீட்டு சாந்தமாக இருந்தது. ஸ்டியரிங் கையில் நிற்காமல் ஆடியது.

பிறகு ஜாக்கியில் சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, செங்கல்லின்மேல் கையை ஊன்றி, சாக்குக்கட்டியை டயரின் அருகே அசையாமல் பிடித்தான். சுற்றிலும் வெள்ளைக் கோடு விழுந்தது. ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் விழவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் வருஷக்கணக்கில் ஒரே இடத்தை ஊன்றி நின்றதனால் டயர் அந்த ஒரு சாண் தட்டையாகிவிட்டிருந்தது. சில நாள் நின்று தட்டையான டயர் சற்று ஓடிச் சூடேறினால் வட்டத்துக்குத் திரும்பிவிடும். வருஷக்கணக்கில் நின்றது திரும்புவதில்லை.

வைத்தியர் எழுந்து வந்து அந்த ஒரு சாணை நெடுநேரம் பார்த்தார். "பாத்தீகளா மாப்ள! உள்ள இருந்த நோயை நாலு கிராஸும் சேந்து வெளிய தள்ளி டயர்ல கொண்டாந்து விட்டுருக்கு. இல்லாட்டி இந்தப் பயலுக்கு அது கண்ணுல பட்டுருக்குமா?" என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. இளைஞர் எல்லாருக்கும் டீ சொன்னார். வாங்கி வரப் பையன் போனான்.

வைத்தியரைப் போலி என்று தள்ளுவது அநியாயம். அவர் காசு வாங்குவதில்லை, பொய் சொல்வதுமில்லை, தாம் அறிந்த ஒரு நோயை எல்லா உடம்பிலும் காண்கிறார், அவ்வளவே. இந்தக் குறை பட்டம் பெற்ற பல வைத்தியர்களுக்கும் உண்டு. ஆகையால், பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களே, பின்பக்கம் நடுங்கினால் முதலில் நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். அடுத்துச் சக்கரங்களை முன்பின் மாற்றிப் பாருங்கள். டயரின் வயதைப் பாருங்கள். அதற்கப்பால் ஷாஃப்டையும் கிராஸையும் தொடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு பெரியவரிடம் போய் அபிப்பிராயம் கேளுங்கள். மனம் குளிர்ந்து ஆசீர்வதிப்பார். போகும்போது பணப்பையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.