இரு மாவட்டத் தண்ணீர்: ஒரு நாவாராய்ச்சி

ஆய்வின் தேவை

ஒயின் ருசிப்பதற்கென்று உலகில் ஒரு சாஸ்திரமே இருக்கிறது. அதைக் கற்றவர்கள் கிண்ணத்தைச் சுழற்றுவார்கள், மூக்கை உள்ளே விடுவார்கள், ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ‘நனைந்த கல், எலுமிச்சைத் தோல், கடைசியில் லேசாகச் சிப்பி’ என்று எழுதி வைப்பார்கள். இதற்குச் சம்பளமும் உண்டு. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துச் சம்பந்தியம்மாக்கள் இதே வேலையை, பெண் பார்க்கப் போன வீட்டுத் திண்ணையில், கூலியில்லாமல் செய்து வருகிறார்கள். நீட்டிய சொம்பில் ஒரு மடக்கு. ‘உங்க ஊருத் தண்ணி கொஞ்சம் கடுப்பா இருக்குங்களே’ என்று தீர்ப்பு. இந்தத் தீர்ப்புகளை யாரும் தொகுத்து வைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் ஆய்வு

யவனர் நல்ல குப்பியில் கொண்டுவந்த மதுவைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. ஆனால் குளிர்ச்சி, மணம் என்ற இரண்டு குறிப்போடு புலவர் நிறுத்திக்கொள்கிறார். இன்றைய ஒயின் நிபுணர் அதற்கு இரண்டு பக்கம் எழுதியிருப்பார்.

வெளியூர்ச் சரக்கை இறக்குமதி செய்ததில் முதலாம் இராசேந்திரனுக்கு நிகரில்லை. வடக்கே படை நடத்திக் கங்கை நீரைக் கொணர்ந்து, கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்ற ஏரியை அமைத்தான். அதை நீராலான வெற்றித்தூண் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். கங்கைக்கும் உள்ளூர் நீருக்கும் ருசியில் என்ன வேறுபாடு என்று அவை சொல்லவில்லை, வெற்றிக்களிப்பில் விட்டுப்போயிருக்கலாம்.

பிறகு வந்தவர்கள் நிலவியலார். 1840-களில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ், 1860-களில் பிளான்ஃபோர்டு, அவரைத் தொடர்ந்து ஸ்டோலிச்கா என்று பலர் இங்கத்துப் பாறைகளையும் புதைபடிவங்களையும் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதினார்கள். நத்தைக்கும் சிப்பிக்கும் கிடைத்த மரியாதை அந்தப் பாறையில் ஊறிய தண்ணீருக்குக் கிடைக்கவில்லை.

ஆய்வுக் களம்

பெரம்பலூர் 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, 2002-ல் திரும்பச் சேர்ந்தது, 2007-ல் மறுபடி பிரிந்தது. பாறைகள் இவ்வளவு அவசரப்படவில்லை. பெரம்பலூரின் பெரும்பகுதி, சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள கடும்பாறை. அதன் கிழக்கு ஓரத்திலிருந்து அரியலூர் வரை ஒருகாலத்தில் கடல் கிடந்தது. கிரிட்டேசியக் காலத்தில் அது ஏறி இறங்கி, சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் அடுக்கடுக்காக விட்டுச் சென்றது. அந்த அடுக்குகளைத்தான் இன்று சிமெண்ட் ஆலைகள் அரைக்கின்றன. ஒயின்காரர்கள் 1945, 1961 என்று விளைச்சல் ஆண்டைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லின் விளைச்சல் ஆண்டு, இன்றைக்குச் சுமார் 7 கோடி ஆண்டுக்கு முன்.

ஒயினை ஓக் மரப் பீப்பாயில் ஊற வைப்பது அவர்கள் வழக்கம். மரத்துக்கு நம்மிடமும் பஞ்சமில்லை. ஆலத்தூர் வட்டம் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கிடக்கிறது. 1940-ல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. என்ன, அது கல்லாகிவிட்டது.

ஆய்வு முறை

முதல் சிக்கல் வாய் கழுவுவதில் வந்தது. ஒரு ஒயினுக்கும் அடுத்த ஒயினுக்கும் நடுவே நிபுணர்கள் தண்ணீரால் வாயைச் சுத்தம் செய்வார்கள். தண்ணீருக்கும் தண்ணீருக்கும் நடுவே எதனால் செய்வது? பொட்டுக்கடலை என்று முடிவாயிற்று. நிறம் பார்க்க, கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் வெள்ளை வேட்டி பிடிக்கப்பட்டது.

நாக்கு முகஸ்துதி செய்யும் என்பதால், பொய் சொல்லாத மூன்று கருவிகள் சேர்க்கப்பட்டன: துவரம்பருப்பு, துணி சோப்பு, டீத்தூள். கால்சியம் மிகுந்த நீரில் பருப்பின் பெக்டின் இறுகிவிடுவதால் பருப்பு வேகாது. சோப்போடு அதே கால்சியம் சேர்ந்தால் நுரைக்குப் பதில் வெள்ளைத் திப்பி வரும். டீயில் மேலே ஆடை போல ஒரு படலம் மிதக்கும்.

முடிவுகள்

சரக்கு ஒன்று: வேப்பந்தட்டைப் பக்கம், பச்சைமலை அடிவாரக் கிணறு. தை மாதத்தில் எடுத்தது. வாயில் வைத்ததும் சில்லிப்பு, பிறகு மெல்லிய உவர்ப்பு. அடக்கமான குணம். நுரை உண்டு. இதே கிணறு சித்திரையில் வேறு ஆளாகிவிடும்: நீர் வற்ற வற்ற உப்பு தடிக்கும். கடும்பாறையில் நீர் வெடிப்புகளில் மட்டும்தான் ஓடும் என்பதால், அடுத்த தோட்டத்து போர் தண்ணீருக்கும் இதற்கும் பேச்சுவார்த்தையே இல்லை. ஒரே ஊரில் இரண்டு ருசி.

சரக்கு இரண்டு: அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் கிணறு. பரப்பில் பளிங்கு, உள்ளே கனம். நடு நாக்கில் சாக்பீஸ், தொண்டையில் கடுப்பு. விழுங்கிய பிறகும் ருசி கிளம்ப மனமின்றி உட்கார்ந்திருக்கிறது. மழைநீர் மண்ணில் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிச் சுண்ணாம்பைக் கரைத்து வருவதால் வந்த குணம். காய்ச்சினால் கரைந்தது மறுபடி கல்லாகிப் பானையடியில் படியும். கிரிட்டேசியக் கடல் அரியலூர் அடுப்படியில் இரண்டாம் முறை வண்டல் விடுகிறது. பருப்புக் கருவியின் பொறுப்பாளரான அத்தை இரண்டாம் முறை குக்கரைத் திறந்து பார்த்துவிட்டு, ‘தம்பி, ஆராய்ச்சிய முடிச்சிட்டுப் போயி ஒரு கொடம் ஆத்துத் தண்ணி கொண்டா’ என்றார். இதை வல்லுநர் கருத்தாகப் பதிவு செய்கிறோம்.

சரக்கு மூன்று: திருமானூர், கொள்ளிடத்து மணல் ஊற்று. மணலைக் கையால் தோண்டி, முதலில் கலங்கி வருவதை இறைத்துவிட்டு, தெளிந்ததைக் குடிக்க வேண்டும். இனிப்பு என்றே சொல்லத் தோன்றும் மென்மை. பருப்பு கரைந்தது, நுரை வழிந்தது, டீ நிறம் பிடித்தது. நடுவர்கள் குறிப்பு எழுதாமல் இரண்டாம் டம்ளர் கேட்டார்கள்.

சரக்கு நான்கு: ஜெயங்கொண்டம் பக்கத்து ஆழ்துளைக் கிணறு. செம்மண்ணும் முந்திரியும் உள்ள பூமி. முதலில் இரும்பு வாடை, பிறகு மிருதுவான முடிவு. நிறைய நேரம் திறந்து வைத்தால் வாடை இறங்குகிறது. ஒயினையும் இப்படிக் காற்றாட விடுவதுண்டு.

போட்டிக்கு வெளியே: கரைவெட்டி ஏரி. 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இந்த ஏரிக்கு மேட்டூர்த் தண்ணீர் வாய்க்கால் வழியே வருகிறது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் ஆண்டுதோறும் இதை ருசி பார்ப்பதால், வெளிநாட்டு நடுவர் குழுவின் தீர்ப்பில் நாம் தலையிடவில்லை.

விவாதம்

பிரான்சில் ஷாப்லி என்ற ஊரின் வெள்ளை ஒயினில், அங்கத்து ஜுராசிக் மண்ணில் கிடக்கும் சிப்பியின் ருசி தெரிவதாகச் சொல்வார்கள். பாறையின் ருசி வேர் வழியாகத் திராட்சைக்குள் ஏறுவதில்லை என்று நிலவியலாளர் பலர் மறுக்கிறார்கள். அந்த வழக்கு நடக்கட்டும். தண்ணீரில் அப்படி வழக்கே கிடையாது. அரியலூரில் ஒரு மடக்குக் குடித்தால் சிப்பி ஓட்டின் கால்சியம் கரைந்த வடிவில் உண்மையாகவே உள்ளே போகிறது. மண்ணின் ருசி என்று ஒயின்காரர்கள் கிண்ணத்தில் தேடுவதை நம்மவர்கள் குடத்தில் வைத்துக்கொண்டு குறைபட்டுக்கொள்கிறார்கள்.

அந்த ருசிக்கு இன்று எதிரி, 20 லிட்டர் கேன். ஆர்.ஓ. சவ்வு 250 கோடி ஆண்டையும் 7 கோடி ஆண்டையும் ஒரே வடிகட்டலில் அழித்துவிடுகிறது. குன்னத்தில் திறந்தாலும் உடையார்பாளையத்தில் திறந்தாலும் ஒரே சப்பை. சம்பந்தியம்மா மடக்கென்று குடித்துவிட்டுச் சொல்ல வார்த்தை இல்லாமல் திகைக்கிறார்.

ஆய்வின் எல்லை

நாக்கு உப்பைச் சொல்லும், கடுப்பைச் சொல்லும். ஃப்ளூரைடையும் நைட்ரேட்டையும் சொல்லாது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு மொத்தக் கடினத்தன்மை 200 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை, ஃப்ளூரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இனிக்கிற தண்ணீரிலும் ஆபத்து இருக்கலாம், கடுக்கிற தண்ணீர் சாதுவாகவும் இருக்கலாம்.

தீர்ப்பும் வேண்டுகோளும்

முதல் பரிசு கொள்ளிடத்து ஊற்றுக்கு. குணச்சித்திரப் பரிசு அரியலூர்ச் சுண்ணாம்புக் கிணற்றுக்கு. பருப்பு வேகவைக்க அல்ல, பேச வைக்க. கேன் தண்ணீரை எந்த ஊரின் பெயரில் பதிவது என்று தெரியாததால் போட்டியில் சேர்க்கவில்லை.

வாசகர்கள் தங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். எண்கள் சரியாக வந்தால், அடுத்த முறை சம்பந்தி வரும்போது கேனை மறைத்து வைத்துவிட்டு அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொம்பு கொடுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள்.