பிரட்டுக்கு நின்ற விரிவுரையாளர்கள்

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிரட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. விடிந்தும் விடியாமலும் பிரட்டுக்களத்தில் ஆள் கூட வேண்டும். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு, யாருக்குக் கொழுந்து, யாருக்குக் கவ்வாத்து, யாருக்குப் புல்லு வெட்டு என்று மலை பிரித்து அனுப்புவார். பிந்தி வந்தால் ஏச்சு விழும். அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவார்கள். சில நாள் லயத்து வீட்டுக்கே திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். ஐந்து நிமிடம் பிந்திவிடுவோமோ என்ற பயத்திலேயே எங்கள் அம்மாமார் ஆயுள் முழுவதும் ஓடினார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஆசிரியர் பயிற்சி முடித்து வெளியேறும் வாரத்தில், எங்கள் அணி ஒரு குறும்பு செய்தது. அதற்குக் கரு இந்தப் பிரட்டுதான்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டப் பாடசாலைகளை இலங்கை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில். அதன் பிறகும் வெகுகாலம் ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு, ஒரே ஆசிரியர் என்றுதான் பல தோட்டங்களில் பள்ளிக்கூடம் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் ஜேர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி வந்தபோது மலையகத்துக்கு ஒரு கதவு திறந்தது. லயத்துப் பிள்ளைகள் பயிற்சி பெற்ற ஆசிரியராகித் தங்கள் தோட்டத்துக்கே திரும்பிப் போகலாம் என்பது அப்போதுதான் எங்கள் வீடுகளில் நம்பக்கூடிய செய்தியானது. அட்டன், கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவை என்று எங்கிருந்து அங்கே வந்திருந்தாலும் எங்கள் எல்லோருக்கும் வீட்டுக்கதை ஒன்றுதான்.

கடைசி வாரத்தில் ஒரு நாள், காலைக்கூட்டத்துக்கு முன்பே விடுதிப் பையன்கள் மைதானத்தில் தப்படிக்கத் தொடங்கினார்கள். விரிவுரையாளர்கள் என்னவோ ஏதோ என்று வந்து பார்த்தால், கறுப்புக் கோட்டும் குடையுமாக ஒருவன் கணக்கப்பிள்ளையாக நிற்கிறான். அரைக்காற்சட்டையும் தொப்பியுமாக இன்னொருவன் துரை. கையில் செக்ரோல் என்ற பெயர்ப்பதிவேடு. அதில் விரிவுரையாளர்கள் அத்தனை பேருடைய பெயரும் இருக்கிறது. கணித விரிவுரையாளருக்கு மடுவத்தில் தராசு. உடற்கல்வி விரிவுரையாளருக்குக் கவ்வாத்து. பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டே வரிசையில் வந்து நின்றார்கள். அதிபர் வந்தது பிந்தி. “சேர், பத்து நிமிசம் லேட்டு. அரைப்பேர்தான்” என்றான் கணக்கப்பிள்ளை. மைதானம் சிரிப்பில் குலுங்கியது. அதிபரும் தலையைச் சொறிந்துகொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார்.

அடுத்த பெயர் ஒரு தமிழ் விரிவுரையாளருடையது. வகுப்பில் செந்தமிழ் தவிர வேறு பேசாதவர். அவர் லயத்தில் பிறந்தவர் என்பது எங்களில் பலருக்கு அதுவரை தெரியாது. தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, இடுப்பை வளைத்து நின்று, “புள்ளைக்குக் காய்ச்சலுங்க. புள்ளக்காம்பராவுல விட்டுட்டு ஓடியாறேன். பேர வெட்டிராதீங்க” என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றது. அது எங்கள் ஒவ்வொருவருடைய அம்மாவும் சொன்ன வார்த்தை. கணக்கப்பிள்ளை வேடம் போட்டவனுக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. செக்ரோலில் முழுப்பேர் எழுதி, அதை அவரிடம் திருப்பிக் காட்டினான். அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பும் கைதட்டலும் வேறு மாதிரியானவை. ஏழரை மணிக்கெல்லாம் பிரட்டு கலைந்தது. எல்லோரும் தேநீர் குடிக்கப் போனோம். எதுவும் உடையவில்லை, யாரும் அழவில்லை.

உலகத்தில் பெயர்பெற்ற கல்லூரிக் குறும்புகள் இதைவிடப் பெரியவை. 1958இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஓர் ஒஸ்டின் செவன் வாகனத்தை இரவோடிரவாக செனட் ஹவுஸ் கூரை மேல் ஏற்றி வைத்தார்கள். அதை இறக்க அதிகாரிகள் நாட்கணக்கில் பாடுபட வேண்டியிருந்தது. அளவில் எங்கள் பிரட்டு அதற்குப் பக்கத்தில் வராது. ஆனால் இரண்டுக்கும் திசை ஒன்று. கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களோடு கொஞ்ச நேரம் விளையாடிப் பார்க்கிறார்கள். அதிகாரம் உள்ளவர் சிரித்துக்கொண்டு இறங்கி வர முடிகிறது. எங்கள் பிரட்டு போன்றதை, விரும்பாவிட்டால் ஒரு சொல்லில் நிறுத்தவும் முடிகிறது.

‘ராகிங்’ எனப்படும் பகிடிவதை எதிர்த்திசையில் போகிறது. அது முந்தாநாள் பெட்டியோடு வந்து இறங்கிய பிள்ளையின் மேல் விழுகிறது. 1975இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி பகிடிவதைக்குத் தப்ப விடுதி மாடியிலிருந்து குதித்து முதுகெலும்பு முறிந்தார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்கு வந்த ஒரு தமிழ் மாணவர், சீனியர்கள் செய்யவைத்த கடும் உடற்பயிற்சிக்குப் பின் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மறுவருடம், 1998இல், 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்தவருக்கு இரண்டு வருடம் வரையும், கடுங்காயமோ பாலியல் துன்புறுத்தலோ நேர்ந்தால் பத்து வருடம் வரையும் சிறை. அந்தச் சட்டம் முழுமையாகத் தேவை என்று நினைப்பவன் நான். லயத்திலிருந்து முதன்முதலாக வளாகத்துக்குப் போகும் பிள்ளையின் உடுப்பையும் பேச்சையும் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லையும் வைத்து என்னென்ன செய்வார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

இன்று நானும் மலைநாட்டில் வேறொரு கல்வி நிறுவனத்தில் விரிவுரையாளன். ஒழுக்காற்றுக் குழுவிலும் இருக்கிறேன். அன்று எவரிடமும் கேட்காமல் நாங்கள் செய்தது போன்ற குறும்புக்கு இன்றைய பிள்ளைகள் எழுத்தில் அனுமதி கேட்கிறார்கள். இந்த வருடம் வெளியேறும் அணி தந்த கடிதத்தில் இடம், நேரம், பொறுப்பாளர் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ‘எவருக்கும் மனவருத்தம் ஏற்படாது என உறுதியளிக்கிறோம்’ என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வரி தற்செயலாக வந்ததில்லை. மாணவருக்கோ ஆசிரியர் குழாத்தில் ஒருவருக்கோ மனவேதனையோ அச்சமோ தரக்கூடிய எந்தச் செயலையும் சட்டம் பகிடிவதை என்கிறது. பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு பொறுப்பு எங்களிடம் அந்த வயதில் இருக்கவில்லை.

குழுவில் பலரும் வேண்டாம் என்றார்கள். ஒன்றை அனுமதித்தால் அதன் பின்னால் இன்னொன்று நுழையும் என்ற அவர்களின் பயம் நியாயமானது. என்னுடைய பயம் கைபேசி. எங்கள் பிரட்டு அன்று காலையோடு கலைந்தது. பார்த்தவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. இன்று அந்தத் தமிழ் விரிவுரையாளர் சால்வையைத் தலையில் போட்ட அரை நிமிடத்தை மட்டும் ஒருவன் வெட்டி எடுத்து அனுப்பினால், முன்னும் பின்னும் தெரியாத ஆயிரம் பேர் அவருடைய அம்மாவின் தொழிலைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆனாலும் நான் பிள்ளைகள் பக்கம் பேசினேன். மேலிருப்பவரோடு சிரிக்க வழியே இல்லாத வளாகத்தில் கீழிருப்பவனை நோக்கித்தான் கை ஓங்கும் என்பது என் எண்ணம். மூன்று நிபந்தனைகள் வைத்தோம். முதலாம் வருட மாணவர் ஒருவரையும் அதில் நிறுத்தக் கூடாது. கைபேசிகள் எல்லாம் விடுதிக் காப்பாளர் அறையில் இருக்க வேண்டும். விரிவுரையாளர்களில் யார் யாருக்குச் சம்மதம் என்று முன்பே தனித்தனியாகக் கேட்க வேண்டும். பிள்ளைகள் மூன்றையும் ஏற்றுக்கொண்டார்கள். விரிவுரையாளர்களில் இரண்டு பேர் சம்மதிக்கவில்லை. அவர்கள் பெயர் எதிலும் வராது. ஏன் என்று அவர்களை யாரும் கேட்கவும் கூடாது என்று கடிதத்தின் அடியில் நானே எழுதிக் கையெழுத்திட்டேன்.