மோசடிக்கு எத்தனையாவது பிரிவு?

கேள்வி: வீட்டிலிருந்தே ஆன்லைனில் குற்றவியல் பட்டம் படிக்க நினைப்பவர், அங்கீகாரம் உள்ள இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, பாகூர்

பதில்: துப்பறியும் வேலையைப் படிப்பில் சேருவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டியதுதான். யுஜிசியின் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் புதுச்சேரி திலாசுப்பேட்டை, வழுதாவூர் சாலை முகவரி ஒன்றும் உண்டு. பட்டியலில் உள்ள இடத்தில் சேர்ந்தால், ஏமாறுவது பற்றிய செய்முறை வகுப்பு ஃபீஸ் கவுன்ட்டரிலேயே முடிந்துவிடும்.

அசல் பல்கலைக்கழகம் என்பது மட்டும் போதாது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அசலோ அசல். ஆனாலும் 2014-15க்குப் பிறகு அதன் தொலைதூரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று 2022இல் யுஜிசி அறிவித்தது. ஆகவே யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பல்கலைக்கழகம், படிப்பு, சேரும் ஆண்டு மூன்றையும் சரிபார்க்க வேண்டும். ஏஜென்ட் காட்டும் வண்ணக் காகிதம் சாட்சியாகாது.

புதுச்சேரியின் பாகூருக்குத் தமிழ்நாட்டின் கடலூர் கூப்பிடு தூரம்தான். ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைக் கல்வி மையங்களைத் தங்கள் மாநில எல்லைக்குள்தான் நடத்த முடியும். ஆன்லைன் படிப்புக்கு அந்த வேலி கிடையாது.

கறுப்பு கோட்டு ஆசை இருந்தால் இந்தப் பட்டம் உதவாது. சட்டப் படிப்பை நேரில் போய்த்தான் படிக்க வேண்டும்.

பாடத்திட்டத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. புத்தகம் இன்னும் மோசடிக்கு 420 என்றால், இப்போது அது 318 என்று நீங்களே ஆசிரியருக்கு வகுப்பெடுக்கலாம்.